காற்றோடு கணக்குப் போட்டவர்

1947 செப்டம்பர் 16. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பானவில் உப்புச் சமவெளியில் ஜான் காப் என்ற ஆங்கிலேயர் ஓட்டிய கார், ஒரு திசை ஓட்டத்தில் மணிக்கு 400 மைல் என்ற எல்லையைத் தாண்டியது. தரையில் அந்த வேகத்தை எட்டிய முதல் மனிதர் அவர்தான். எதிரெதிர்த் திசைகளில் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடிக்கும் இரு ஓட்டங்களின் சராசரியே சாதனையாகக் கொள்ளப்படும் என்பது விதி. அந்தச் சராசரி மணிக்கு 394 மைல். அதாவது, ஏறத்தாழ 634 கிலோமீட்டர்.

உலகம் காப்பைக் கொண்டாடியது. அதில் தவறில்லை, உயிரைப் பணயம் வைத்தவர் அவர். ஆனால், அந்தக் காருக்குள் இருந்தவை புதிய என்ஜின்கள் அல்ல. முதல் உலகப்போரின் இறுதிக் கட்டத்தில் உருவான வடிவமைப்பைச் சேர்ந்தவை. முன்பு ஒரு பந்தயப் படகுக்குப் பயன்பட்டுப் பின்னர் கைமாறி வந்தவை. அந்தப் பழைய என்ஜின்களைக் கொண்டு உலகின் மிக விரைவான காரை உருவாக்கியவர் ரீட் ஆண்டனி ரெயில்டன் என்ற பொறியாளர். மோட்டார் வரலாற்றைப் படித்தவர்களிடையே புகழ்பெற்ற அந்தப் பெயர், வெளியே அதிகம் பேசப்படுவதில்லை.

பொருளியல் கற்பித்துக் காலம் கழித்த எனக்கு, பந்தயக் கார்களின் மீது தனி ஆர்வம் எதுவும் இல்லை. ஆயினும், ரெயில்டனின் வாழ்க்கை என்னைத் தொடர்ந்து ஈர்த்து வந்திருக்கிறது. குறைந்த வளங்களைக் கொண்டு பெரும் பயனை எவ்வாறு பெறுவது என்ற பொருளியலின் அடிப்படைக் கேள்விக்கு, உலோகத்தாலும் கணக்காலும் விடை எழுதியவர் அவர்.

ரெயில்டன் 1895-இல் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், மான்செஸ்டரைச் சேர்ந்த ஒரு பங்குத் தரகரின் மகனாகப் பிறந்தார். ரக்பி பள்ளியிலும் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். 1917-இல் லேலண்ட் மோட்டார்ஸ் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு வாய்த்த ஆசான், தலைமைப் பொறியாளரான பாரி தாமஸ். இருவரும் இணைந்து 'லேலண்ட் எய்ட்' என்ற சொகுசுக் காரை உருவாக்கினர்.

பொறியியல் நோக்கில் அந்தக் கார் தன் காலத்தின் உச்சங்களுள் ஒன்று. ஆனால், போருக்குப் பிந்தைய பொருளாதார மந்தத்தில் அத்தனை விலை கொடுத்து வாங்க ஆளில்லை. சொற்ப எண்ணிக்கையில் மட்டுமே அவை விற்றன. எவ்வளவு சிறந்த பொருளானாலும் அதன் செலவுக் கணக்கைத் தவிர்த்துவிட முடியாது என்ற பாடத்தை இளம் ரெயில்டன் தன் முதல் பணியிலேயே கற்றிருக்க வேண்டும்.

1923-இல் லேலண்டை விட்டு விலகிய ரெயில்டன், லெட்ச்வொர்த் நகரில் 'அராப் மோட்டார்ஸ்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார். பாரி தாமஸும் அதே ஆண்டில் விலகி, புரூக்லாண்ட்ஸ் பந்தயத் தடத்துக்குக் குடிபெயர்ந்தார். லண்டனுக்குத் தென்மேற்கே, வேபிரிட்ஜ் அருகில் 1907-இல் திறக்கப்பட்ட அந்தத் தடம், அன்றைய பிரிட்டிஷ் மோட்டார் உலகின் பட்டறையாகவும் பரிசோதனைச் சாலையாகவும் விளங்கியது.

அங்கே பாரி தாமஸ், விபத்தொன்றில் மாண்ட ஒரு செல்வந்தர் விட்டுச்சென்ற மாபெரும் காரைச் சொற்ப விலைக்கு வாங்கித் திருத்தியமைத்து, அதற்கு 'பேப்ஸ்' என்று செல்லப் பெயரிட்டார். அதில் 27 லிட்டர் கொள்ளளவு கொண்ட விமான என்ஜின் இருந்தது. 1926 ஏப்ரலில், வேல்ஸ் நாட்டின் பெண்டைன் கடற்கரை மணலில் அதை மணிக்கு 275 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி உலகச் சாதனை படைத்தார். 1927 மார்ச் 3-ஆம் நாள், இழந்த சாதனையை மீட்க அதே மணலில் ஓடியபோது கார் கவிழ்ந்து உயிரிழந்தார். கார் அங்கேயே மணலுக்குள் புதைக்கப்பட்டது.

அந்த மரணம் ரெயில்டனின் வாழ்க்கையைத் திருப்பியது. அவர் தன் நிறுவனத்தை மூடிவிட்டு, ஆசான் விட்டுச்சென்ற புரூக்லாண்ட்ஸ் பட்டறைக்கே வந்து சேர்ந்தார். 'தாம்சன் அண்ட் டெய்லர்' என்று பெயர் மாறியிருந்த அந்நிறுவனத்தின் தொழில்நுட்ப இயக்குநராகப் பொறுப்பேற்றார். எந்தச் சாதனை முயற்சி ஆசானின் உயிரைப் பறித்ததோ, அதே முயற்சிக்கான கார்களை வடிவமைப்பதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று.

அவருடைய பணியின் அருமையை உணர, காற்றின் இயல்பைச் சற்று அறிந்துகொள்ள வேண்டும். ஓடும் பேருந்தின் ஜன்னலுக்கு வெளியே உள்ளங்கையை நீட்டிய எவரும் காற்றுத் தடையை அறிவர். அந்தத் தடை வேகத்தின் இருமடிப்படி உயர்கிறது. அதை எதிர்கொள்ளத் தேவைப்படும் திறனோ மும்மடிப்படி உயர்கிறது. வேகத்தை இரு மடங்காக்க வேண்டுமானால், காற்றுக்காக மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும்.

பொருளியல் மாணவர்கள் குறைந்து செல் விளைவு விதியை வேளாண் நிலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு படிப்பார்கள். ஒரே நிலத்தில் மேன்மேலும் உரத்தையும் உழைப்பையும் கொட்டினால், ஒரு கட்டத்துக்குப் பிறகு கூடுதல் விளைச்சல் குறைந்துகொண்டே போகும். மால்கம் கேம்பலின் 'புளூ பேர்ட்' காரின் வரலாறு அந்த விதிக்கு மற்றுமொரு எடுத்துக்காட்டு.

கேம்பலுக்காக ரெயில்டன் திருத்தியமைத்த 'புளூ பேர்ட்', 1931 பிப்ரவரியில் அமெரிக்காவின் டேட்டோனா கடற்கரையில் மணிக்கு 396 கிலோமீட்டர் வேகத்தை எட்டியது. அதில் ரெயில்டன் செய்த முக்கியமான மாற்றம் எளிமையானது. சக்கரங்களுக்குத் திறனைக் கொண்டுசெல்லும் தண்டு அதுவரை ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் ஓடியது. அதைச் சில அங்குலம் பக்கவாட்டில் நகர்த்தினார். இருக்கை தாழ்ந்தது, காரின் உயரம் குறைந்தது, காற்று மோதும் பரப்பும் சுருங்கியது. அந்தச் சாதனைக்காகக் கேம்பலுக்கு 'சர்' பட்டம் கிடைத்தது.

அடுத்த ஆண்டு அதே கார் 408 கிலோமீட்டரை எட்டியது. 1933-இல், ஏறத்தாழ 1,450 குதிரைத்திறன் கொண்ட பழைய என்ஜினுக்குப் பதிலாக, ஏறத்தாழ 2,300 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ்ராய்ஸ் விமான என்ஜின் பொருத்தப்பட்டது. திறன் ஐம்பது விழுக்காட்டுக்கும் மேல் கூடியது. வேகமோ 438 கிலோமீட்டருக்கு மட்டுமே உயர்ந்தது. அதாவது, ஏழு விழுக்காடு. கூடுதல் திறனின் ஒரு பகுதியைக் காற்று விழுங்கியது. இன்னொரு பகுதி, ஈர மணலில் பிடிப்பின்றிச் சுழன்ற பின்சக்கரங்களில் வீணாயிற்று.

திறனை மேலும் பெருக்குவதில் பயனில்லை என்பதை அந்த எண்கள் உணர்த்தின. எனவே, 1935-இல் என்ஜினை அப்படியே வைத்துக்கொண்டு ரெயில்டன் உடலமைப்பை மாற்றினார். சக்கரங்களையும் தழுவிச் செல்லும் அகன்ற மேலுறை உருவாக்கப்பட்டது. பிடிப்பைக் கூட்டப் பின்பக்கத்தில் இரட்டைச் சக்கரங்கள் வந்தன. என்ஜினைக் குளிர்விக்கும் ரேடியேட்டருக்குக் காற்று நுழையும் வாயில், காற்றுத் தடைக்குப் பெரும் காரணமாக இருந்தது. அளவிடப்படும் ஒரு மைல் தொலைவைக் கடக்கும் சில நொடிகளுக்கு மட்டும் அந்த வாயிலை மூடிக்கொள்ளக் கதவு ஒன்றை அமைத்தார்.

மார்ச்சில் டேட்டோனாவின் மேடுபள்ளமான மணல் கைகொடுக்கவில்லை. 445 கிலோமீட்டரோடு திருப்தியடைய வேண்டியிருந்தது. செப்டம்பர் 3-ஆம் நாள் பானவில் உப்புச் சமவெளியில் அதே கார் மணிக்கு 301 மைல், அதாவது 484 கிலோமீட்டரைத் தொட்டது. மணிக்கு 300 மைல் என்ற எல்லை அன்று தகர்ந்தது.

இதற்கிடையே ஜான் காப் ரெயில்டனை நாடி வந்திருந்தார். மென்மயிர்த் தோல் வணிகத்தில் ஈடுபட்டிருந்தவர். கார் ஓட்டுவதில் பெரும் வேட்கை கொண்டவர். அவருக்காக ரெயில்டன் 1933-இல் 'நேப்பியர்-ரெயில்டன்' காரை வடிவமைத்தார். அதில்தான் காப், 1935 அக்டோபரில் புரூக்லாண்ட்ஸ் தடத்தை மணிக்கு 230 கிலோமீட்டர் சராசரி வேகத்தில் சுற்றி வந்தார். 1939-இல் போர் மூண்டதும் மூடப்பட்ட அந்தத் தடம் மீண்டும் பந்தயங்களுக்குத் திறக்கப்படவில்லை. எனவே, அந்தச் சாதனை இனி எவராலும் முறியடிக்க முடியாதது.

பின்னர் காப், உலக வேகச் சாதனைக்கான காரைக் கேட்டார். கையிலிருந்தவை, மேலே சொன்ன இரு பழைய நேப்பியர் லயன் என்ஜின்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,250 குதிரைத்திறன். அவர்களுடைய போட்டியாளரான ஜார்ஜ் எய்ஸ்டனின் 'தண்டர்போல்ட்' காரிலோ இரண்டு ரோல்ஸ்ராய்ஸ் என்ஜின்கள் இருந்தன. அதன் எடை ஏறத்தாழ ஏழு டன். திறன் ரெயில்டனிடம் இருந்ததைப்போலச் சற்றொப்ப இரு மடங்கு. திறனில் போட்டியிட வழியில்லாத நிலையில், எடையிலும் வடிவத்திலும் போட்டியிட ரெயில்டன் தீர்மானித்தார்.

1938-இல் உருவான 'ரெயில்டன் ஸ்பெஷல்' காரில் ஒவ்வொரு சிக்கலும் அதன் வேரிலேயே அணுகப்பட்டது. சக்கரங்கள் வீணே சுழல்வதைத் தடுக்க, ஒரு என்ஜின் முன்சக்கரங்களையும் மற்றொன்று பின்சக்கரங்களையும் இயக்கின. இரு என்ஜின்களையும் ஒல்லியான உடலுக்குள் அடக்க, வழக்கமான இரட்டைச் சட்டத்தைக் கைவிட்டு, மேலிருந்து பார்த்தால் ஆங்கில 'எஸ்' எழுத்தைப் போல வளைந்து செல்லும் ஒற்றை முதுகெலும்பை அமைத்தார். அதன் இரு வளைவுகளிலும் என்ஜின்கள் சாய்வாகப் பொருந்தின.

வடிவத்தைத் தீர்மானிக்க, டெடிங்டன் தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் காற்றுச் சுரங்கத்தில் சிறு மாதிரிகள் சோதிக்கப்பட்டன. விரைந்து செல்லும் பொருளுக்கு மூக்குக் கூர்மையாக இருக்க வேண்டும் என்று நாம் எண்ணுகிறோம். ஒலியின் வேகத்தை நெருங்காத வரை, மூக்கைவிட வால்தான் முக்கியம். காரின் மேலுறை விலக்கிய காற்று, பின்னால் குழப்பமின்றி மீண்டும் சேர வேண்டும். சுழல்களாகக் கலைந்தால், அது காரைப் பின்னோக்கி இழுக்கும்.

எனவே, அந்தக் காரின் முகப்பு மழுங்கிய உருண்டையாகவும், பின்பகுதி நீண்டு மெலிந்ததாகவும் அமைந்தது. அந்த மெலிவுக்கு இடம்தர, பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிட நெருக்கமாக வைக்கப்பட்டன. ஓட்டுநர் முன்சக்கரங்களுக்கும் முன்னால், காரின் மூக்கிலேயே அமர்ந்தார். அவர் அமர்ந்த பிறகு, மெல்லிய அலுமினிய மேலுறை ஒரே மூடியாக மேலிருந்து இறக்கப்பட்டது.

ரேடியேட்டர் வாயிலுக்கு 1935-இல் கதவு வைத்தவர், இம்முறை ரேடியேட்டரையே நீக்கிவிட்டார். ஓட்டம் சில நிமிடங்களே. அதுவரை என்ஜின்களைக் குளிர்விக்க ஒரு தொட்டியில் பனிக்கட்டியும் நீரும் போதும் என்று கணக்கிட்டார். ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் தொட்டி பனிக்கட்டியால் நிரப்பப்பட்டது. காற்றுக்குக் காரின் உள்ளே நுழையும் வேலையே பெரிதும் இல்லாமல் போயிற்று. காரின் மொத்த எடை மூன்று டன்னைச் சற்றே தாண்டியது. தண்டர்போல்டின் எடையில் பாதிக்கும் குறைவு.

1938 செப்டம்பர் 15-ஆம் நாள் காப் 563 கிலோமீட்டர் வேகத்தில் சாதனை படைத்தார். மறுநாளே எய்ஸ்டன் 575 கிலோமீட்டரில் அதை முறியடித்தார். முதல் சுற்றில் வென்றது திறன்தான். ஆனால், 1939 ஆகஸ்ட் 23-ஆம் நாள் காப் 595 கிலோமீட்டரை எட்டினார். அடுத்த ஒன்பதாம் நாள் ஐரோப்பாவில் போர் மூண்டது. போர் முடிந்து 1947-இல் அதே கார், அதே வகை என்ஜின்களோடு 634 கிலோமீட்டரைத் தொட்டது. எய்ஸ்டனின் இரு மடங்குத் திறன் அதை ஒருபோதும் எட்டவில்லை.

வடிவத்தின் வலிமைக்கு இன்னொரு சான்றும் உண்டு. கோல்டி கார்ட்னர் என்ற ராணுவ அதிகாரிக்காக ரெயில்டன் ஒரு எம்.ஜி. காருக்கு மேலுறை வடிவமைத்தார். அதன் என்ஜின் 1,100 சி.சி.க்கும் குறைவு. இன்றைய சிறிய குடும்பக் கார்களில் இருக்கும் அளவுதான். கூடுதலாகக் காற்றை அழுத்திச் செலுத்தும் கருவி இருந்தது. 1939 மே மாதம் ஜெர்மனியின் டெசாவ் நெடுஞ்சாலையில் அது மணிக்கு 327 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது.

ரெயில்டனின் பெயர் சாலைகளிலும் ஓடியது. நோயல் மேக்ளின் என்பவர் 1933 முதல் தயாரித்த கார்களுக்கு 'ரெயில்டன்' என்று பெயர் சூட்டினார். அமெரிக்க ஹட்சன் நிறுவனத்தின் அடிச்சட்டத்தின் மீது ஆங்கிலேய மேலுடலைப் பொருத்தி, விலையுயர்ந்த கார்களுக்கு நிகரான விரைவைக் குறைந்த விலையில் தந்தவை அவை. பிரிட்டனின் புகழ்பெற்ற 'இ.ஆர்.ஏ.' பந்தயக் கார்களின் அடிச்சட்டமும் ரெயில்டனின் வடிவமைப்பே.

போரின் தொடக்கக் காலத்தில் அவர் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து, படகு என்ஜின்களைத் தயாரித்த ஹால்-ஸ்காட் நிறுவனத்தில் பணியாற்றினார். எனினும், காப்புடனான நட்பு தொடர்ந்தது. தரையை வென்ற காப்புக்கு நீர்வழிச் சாதனையின் மீதும் ஆசை வந்தது. ரெயில்டனும் வாஸ்பர் படகு நிறுவனத்தின் பீட்டர் டு கேனும் இணைந்து 'குருசேடர்' என்ற ஜெட் படகை உருவாக்கினர்.

1952 செப்டம்பர் 29-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் நெஸ் ஏரியில் அந்தப் படகு மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டிச் சென்றது. அடுத்த சில நொடிகளில், நீர்ப்பரப்பின் அலைகளில் துள்ளிச் சிதறியது. ஜான் காப் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது 52.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஆசானை இழந்தவர், இப்போது நண்பரை இழந்தார். பாரி தாமஸ் மாண்டது தாமே திருத்தியமைத்து ஓட்டிய காரில். காப் மாண்டதோ ரெயில்டனின் அறிவும் பங்குகொண்ட படகில். வடிவமைப்பாளர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கின் மீது ஏறி அமர்பவர் வேறொருவர். எண்களில் நேரும் பிழைக்கும், எண்களுக்குள் அடங்காத ஒரு சிற்றலைக்கும் விலை கொடுப்பவர் அவரே. வெற்றியில் பெயர் மறைந்து நிற்கும் வடிவமைப்பாளருக்குத் தோல்வியில் மட்டும் மறைந்துகொள்ள இடமிருப்பதில்லை. அந்தச் சுமையோடுதான் ரெயில்டன் மேலும் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும்.

1947-இன் சாதனையை 1963 வரை எவரும் தாண்டவில்லை. கிரெய்க் பிரீட்லவ் அவ்வாண்டு அதைத் தாண்டியது ஜெட் என்ஜினின் உந்துவிசையால். 1964-இல் மால்கம் கேம்பலின் மகன் டொனால்டு கேம்பல், சக்கரங்களை இயக்கும் காரில் மணிக்கு 403 மைலை எட்டினார். அதற்கு 4,000 குதிரைத்திறனுக்கும் மேலான விசைச்சுழலி தேவைப்பட்டது. ரெயில்டன் பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு திசை ஓட்டத்தில் அதே அளவு வேகத்தைத் தொட்டது, ஏறத்தாழ 2,500 குதிரைத்திறனைக் கொண்டு!

பெண்டைன் மணலில் புதைந்த 'பேப்ஸ்' 1969-இல் தோண்டியெடுக்கப்பட்டு, பின்னர் பொறுமையுடன் சீரமைக்கப்பட்டது. ஆசானின் கார் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தபோது மாணவர் உயிரோடு இருந்தார். 1977-இல், தன் 82-ஆம் வயதில், கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ரெயில்டன் மறைந்தார். அவருடைய மாபெரும் படைப்பான 'ரெயில்டன் ஸ்பெஷல்' இப்போது பர்மிங்காம் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வேகச் சாதனையால் யாருக்கு என்ன பயன் என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்விதான், அதற்காக இரு உயிர்கள் போயின என்பதையும் மறக்கலாகாது. ஆனால், ரெயில்டன் விட்டுச்சென்றது ஒரு வேகம் மட்டுமன்று. சிக்கலை அணுகும் ஒரு முறையும்கூட. இன்று ஒரு மின்சாரக் கார் ஒரே மின்னேற்றத்தில் எத்தனை தொலைவு ஓடும் என்பதில், மின்கலத்தின் அளவைப் போலவே மேலுறையின் வடிவத்துக்கும் பங்குண்டு. காற்றின் கணக்கு மாறவில்லை.

பொது வாழ்விலும் நாம் பெரும்பாலும் என்ஜினின் அளவைப் பற்றியே பேசுகிறோம். ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டால் எத்தனை கோடி ஒதுக்கீடு என்பதுதான் தலைப்புச் செய்தி. பலன் குறைந்தால் ஒதுக்கீட்டைக் கூட்டக் கோருகிறோம். ஒதுக்கப்பட்டது எங்கே தடைபடுகிறது, எந்தச் சக்கரம் பிடிப்பின்றிச் சுழல்கிறது, எந்த வாயில் வழியே விரயமாகிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. அவ்வாறு பார்ப்பவர்களின் பெயர்கள் செய்திகளில் வருவதும் இல்லை.

வளம் போதாது என்பது பல நேரங்களில் உண்மை. ரெயில்டனுக்கும் அது உண்மையாகவே இருந்தது. அவர் அதைப் புகாராகக் கொள்ளாமல், கணக்கின் முதல் வரியாகக் கொண்டார். திறனைக் கூட்டுவதற்கு முன் தடையைக் குறைக்க வேண்டும் என்ற அந்தக் கணக்கைப் போடக் கற்றுக்கொள்வதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய மரியாதை.